விரிகுடா நீரைச் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாணவர் குழு விரிகுடாவில் ஒரு பாட்டில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. "மாசு இல்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: நீர் எடுத்த அந்த நிமிடத்துக்கு மட்டும் நம்பலாம். கடல் ஏறி நின்ற வேளையில் எடுத்திருந்தால், நீங்கள் சோதித்தது பெரும்பாலும் வெளிக்கடல் நீரை. வற்றும்போதுதான் கழிமுகத்து நீரும் சாக்கடை நீரும் வெளியே வரும். ஒவ்வொரு மாதிரியோடும் நேரம், ஓதநிலை (கடல் ஏறுகிறதா, வற்றுகிறதா என்பது), ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை ஐந்தையும் எழுதி வையுங்கள். இவை இல்லாத அறிக்கையை நான் கையில் எடுப்பதே இல்லை.

கேள்வி: கரைந்த ஆக்சிஜனை எப்போது அளப்பது, ஐயா?

பதில்: விடியும் முன். பகலில் பாசிகள் ஆக்சிஜனை நிரப்பிவிடும். இரவு முழுவதும் உயிர்கள் அதைச் செலவழிப்பதால் விடியலில்தான் உண்மை தெரியும். மேல்நீரோடு நிறுத்தாமல், தரையை ஒட்டிய நீரையும் எடுங்கள். அங்கே லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் விலகிப் போகும். நகர முடியாத சிப்பிகள் மடியும்.

கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறையே போதும். புட்டியைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு இறங்கும். வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை. முதன்முதலில் அந்த வெண்மையைப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

கேள்வி: நீர் பச்சையாக இருக்கிறது, ஆனால் பாசியை வளர்க்கும் உரச்சத்தான நைட்ரேட் குறைவு என்கிறார்களே?

பதில்: நைட்ரேட்டைப் பாசி தின்றுவிட்டது. பாசியின் பச்சை நிறமியான குளோரோபில் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: மலக்கழிவு கலக்கிறதா என்று அறிய குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் சோதனை போதுமா?

பதில்: கடலில் போதாது. உப்பிலும் வெயிலிலும் அது சீக்கிரம் அழிந்துவிடும். குடலில் வாழும் இன்னொரு வகை பாக்டீரியாவான என்டெரோகாக்கை கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நீர் தெளிவாக இருந்தாலும் சேற்றைச் சோதிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். கன உலோகங்கள் நுண்துகள்களில் ஒட்டி அடியில் படிகின்றன. நீர் ஓதத்தோடு போய்விடும். சேறு அங்கேயே கிடக்கும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் மீதைல் பாதரசம் மீன், சிப்பி வழியாக மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. 1956இல் நோய் அறியப்பட்ட பிறகும், 1968 வரை கழிவு கடலில் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே சேற்றோடு சிப்பியின் சதையையும் சோதியுங்கள். மணல் தரையின் உலோக அளவைக் களிமண் தரையின் அளவோடு நேராக ஒப்பிடாதீர்கள். களியில் இயல்பிலேயே உலோகம் கூடுதல். இரண்டிலும் அலுமினியத்தை அளந்து, உலோகத்துக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.