ரோமானியர் போன பிறகு வட பிரிட்டன் யார் கையில்? கேள்வி பதில்

கேள்வி: ரோமானிய ஆட்சி முடிந்த 410-க்குப் பிறகு, அவர்களின் வட எல்லையான ஹாட்ரியன் சுவர்ப் பக்கம் யார் ஆண்டார்கள் ஐயா?

பதில்: ஒரே அரசர் கிடையாது. 407-இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் பேரரசர் பதவிக்காகப் படையோடு கடல் தாண்டிப் போனார். பேரரசின் சம்பளமும் நின்றது. ஆனால் சுவர்க் காவலர்கள் எல்லாரும் கிளம்பிவிடவில்லை. பலருக்கு அதுதான் சொந்த ஊர். பேர்டோஸ்வால்ட் கோட்டையில் பழைய களஞ்சியம் நின்ற இடத்திலேயே பெரிய மரக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கோட்டைத் தளபதியே வட்டாரத் தலைவராக மாறினார் என்பது அங்கே அகழாய்வு செய்தவர்கள் முன்வைத்த கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

பின்னால் பார்த்தால் தீவின் பழைய குடிகளான பிரித்தானியரின் அரசுகள் தெரிகின்றன: டம்பார்ட்டன் பாறையில் ஆல்ட் கிளுட், எடின்பரோ பக்கம் கொடோதின், லீட்ஸ் பக்கம் எல்மெட், மேற்கே ரெகெட். கிழக்குக் கரையில், கடல் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிலர்களின் பெர்னீசியாவும் டெய்ராவும்.

கேள்வி: முழு வடக்கையும் கோயல் ஹென் ஆண்டாராமே?

பதில்: அவர் பெயர் பல நூற்றாண்டு கழித்து எழுதிய வம்சப் பட்டியல்களில்தான் வருகிறது. அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை.

கேள்வி: ரெகெட்டின் தலைநகர் கார்லைல்தானே? வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

பதில்: வண்ணம் தீட்டிய அந்த வரைபடங்களை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் யார் கப்பம் கட்டினார்களோ, யார் கூடப் போருக்கு வந்தார்களோ, அதுவரைதான் அரசரின் ஆட்சி. ரெகெட்டின் அரசர் உரியன் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவர். புலவர் தலியேசின் பெயரில் உள்ள பாடல்கள் அவரைக் கத்ரேத்தின் தலைவர் என்கின்றன. அதை யார்க்‌ஷயரில் உள்ள கேட்டரிக் என்று பலர் கொள்கிறார்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஆங்கிலர்களை மூன்று நாள் முற்றுகையிட்டார் என்றும், கூட்டாளியான மோர்கன்ட் பொறாமையால் அவரைக் கொல்ல வைத்தார் என்றும் 9ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது. இத்தனையும் இருந்தும் தலைநகர் இன்னதென்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை.

கேள்வி: ஆர்தர் எந்தப் பகுதியை ஆண்டார்?

பதில்: அவரை அரசராகக் காட்டும் அந்தக் காலத்துச் சான்று இல்லை.

கேள்வி: 2012-இல் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலோவேயில் டிரஸ்டீஸ் ஹில் கோட்டையை அகழ்ந்தார்களே! ரெகெட் அங்கேதான் என்று முடிவாகிவிட்டது.

பதில்: முடிவாகவில்லை. உலோக வேலை, தொலைதூர வணிகப் பொருட்கள், தீயில் உருகிய மதில் எல்லாம் கிடைத்தன. அரசர் தங்கிய கோட்டை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது உரியனுடையது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

கேள்வி: அப்படியென்றால் கார்லைலுக்கு மட்டும் சான்று உண்டா?

பதில்: அதற்கும் இல்லை. 685-இல் புனித கத்பர்ட் வந்தபோது அங்கே ரோமானிய மதிலையும் நீரூற்றையும் காட்டினார்கள் என்று வரலாறு எழுதிய துறவி பீட் எழுதுகிறார். நகரம் உயிரோடு இருந்தது என்பதற்கு அது சாட்சி. உரியன் அரண்மனைக்குச் சாட்சி அல்ல. இரண்டு கட்சிக்கும் ஒரே அளவுகோல்தான்.

கேள்வி: ஆர்தர் வடக்கத்திக்காரர் என்கிறார்களே?

பதில்: மேலே ஆர்தர் பற்றிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ரெகெட் எப்படி அழிந்தது? பெர்னீசியா படையெடுத்துப் பிடித்ததா?

பதில்: அப்படி ஒரு போர் பதிவாகவில்லை. உரியனின் கொள்ளுப்பேத்தி ரியன்மெல்த்தை, பெர்னீசியாவும் டெய்ராவும் சேர்ந்த நார்தம்பிரியாவின் அரசர் ஒஸ்வியு மணந்தார். எல்மெட்டை இன்னொரு நார்தம்பிரிய அரசர் எட்வின் பிடித்தார். எடின்பரோ 638 வாக்கில் முற்றுகைக்கு உள்ளானது. ஆல்ட் கிளுட் மட்டும் நீடித்தது, 870-இல் வைக்கிங்குகள் நான்கு மாதம் முற்றுகையிட்டுப் பாறையைப் பிடிக்கும்வரை.