ரோட்டுக்கு வராத கார்

கேள்வி: சென்ற இதழில் மெக்கின்லி தாம்சன் என்ற அமெரிக்க கார் டிசைனரை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். ஃபோர்டு கம்பெனியில் 28 வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எந்தக் காரிலும் அவர் பெயர் இல்லை. சொந்தமாகச் செய்த ஒரே கார் ரோட்டுக்கே வரவில்லை. ஃபோர்டின் முதல் கறுப்பின டிசைனர் என்பதைத் தவிர அவர் சாதித்தது என்ன? படம் வரைந்தால் கார் ஆகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கேள்வியில் அந்தத் ‘தவிர’தான் என்னை உறுத்துகிறது. தாம்சன் ஃபோர்டில் சேர்ந்தது 1956-ல். அந்த வருடம் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரத்தில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்து, வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காரலாம் என்பதற்கே ஒரு போராட்டம் நடந்த காலம். அந்த வருடத்தில்தான், நாளைய கார்களுக்கு உருவம் கொடுக்கிற அறையில் அவருக்கு ஒரு மேஜை கிடைத்தது. இதை ஒரு ‘தவிர’ போட்டுத் தாண்டிப் போக என்னால் முடியாது. ஆனாலும் நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள், வேலையைப் பற்றியே சொல்கிறேன்.

ஃபோர்டு பிராங்கோ என்ற ஜீப் மாதிரியான வண்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விற்பனைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1963 ஜூலையில் தாம்சன் வரைந்த படம் இன்றைக்கும் இருக்கிறது. சதுரமான உடம்பு. நாலு சக்கரமும் நாலு மூலைக்குத் தள்ளி நிற்கும். மேடு பள்ளத்தில் இறங்கி ஏறப் பிறந்த வண்டி என்று பார்த்ததும் தெரியும். பிராங்கோ ஒருவர் கையால் ஆனதல்ல, பலர் சேர்ந்து செய்தது. ஆனால் சக்கரங்கள் அப்படி மூலையில் நிற்கிற நிலை அவர் படத்தில் இருந்தது, பிறகு வண்டியிலும் இருந்தது.

‘படம் வரைந்தால் கார் ஆகிவிடுமா’ என்கிறீர்கள். நீங்கள் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர்க்காரர், தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கிற ‘டை’ என்ற அச்சைச் செய்ய என்ன செலவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் கோடு ஒரு இடத்தில் வளைந்தால் டை வளைய வேண்டும், கண்ணாடி வளைய வேண்டும், விலை ஏற வேண்டும். முதல் பிராங்கோவின் கண்ணாடிகள் தட்டையானவை, தகடுகளும் அதிக வளைவு நெளிவு இல்லாதவை. செலவு குறையும் என்பதால் அப்படி. எளிமையாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும், பார்த்தால் மனசுக்கும் பிடிக்க வேண்டும் என்றால், அதை முதலில் தீர்க்கிற இடம் அந்தக் காகிதம்தான். 1996-ல் நிறுத்திய பிராங்கோவை 2020-ல் மறுபடி அறிமுகப்படுத்தியபோது, ஃபோர்டு அந்தப் பழைய சதுர உடம்பையும் வட்ட விளக்கையும்தான் தேடி எடுத்தது.

இனி, ரோட்டுக்கு வராத அந்தக் கார். அதன் பெயர் வாரியர்.

1960-களில் ஆப்பிரிக்காவில் நாடு நாடாக விடுதலை கிடைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கார் தொழிற்சாலை வைக்க வேண்டுமென்றால் எஃகு வேண்டும், தகட்டை அழுத்துகிற பெரிய பிரஸ்கள் வேண்டும், டைகள் வேண்டும். புதிதாகப் பிறந்த நாடு எங்கே போகும் அத்தனை முதலுக்கு? தாம்சன் எஃகை விட்டுவிட்டு ராயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பலகையைப் பிடித்தார். மேலும் கீழும் கெட்டியான தோல், நடுவில் நுரை. சூடாக்கி அச்சில் படிய வைத்தால் உருவம் வந்துவிடும். துரு ஏறாது, எடையும் குறைவு. பிற்காலத்தில் இதே ராயலெக்ஸில் ஆற்றுத் தோணிகள் செய்தார்கள். பாறையில் மோதி நசுங்கினாலும் பழைய உருவத்துக்குத் திரும்புகிற சரக்கு அது. அந்த நாட்டுக்காரர்களே தங்கள் ஊரில் செய்து, ஓட்டி, வேலையும் பெற வேண்டும் என்பது அவர் திட்டம். காரில் தொடங்கி, அதே முறையில் பஸ், படகு, வீடு வரைக்கும் போகலாம் என்று யோசித்து வைத்திருந்தார்.

போதிய எண்ணிக்கையில் விற்காது என்று 1967-ல் ஃபோர்டு கைவிரித்தது. இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. கம்பெனி வேண்டாம் என்றதும் பெரும்பாலானவர்கள் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். அவர் பகலில் ஃபோர்டு வேலையைப் பார்த்துக்கொண்டே, டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய வாலி டிரிப்லெட் போன்ற நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 1969-ல் வண்டியைச் செய்தே காட்டினார். பிறகு பணத்துக்காகக் கதவு கதவாகத் தட்டினார். யாரும் முதல் போட வரவில்லை. 1979-ல் கைவிட்டார். அந்த ஒற்றை வண்டி இன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகரத்தில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

விற்காத காரால் என்ன பயன் என்பதுதானே உங்கள் வாதத்தின் அடித்தளம்? அப்படியானால் 1934 அக்டோபருக்கு வாருங்கள். நியூயார்க்கில் 12 வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிறான். மேகம் விலகி வெயில் இறங்குகிறது. சிக்னலில் நிற்கிற வெள்ளி நிற டிசோட்டோ ஏர்ஃப்ளோ ஒன்று அந்த வெயிலில் பளீரென்று மின்னுகிறது. அப்படி ஒரு காரை அவன் பார்த்ததே இல்லை. அதை நோக்கி ஓடுகிறான். கிட்டே போவதற்குள் பச்சை விழுந்து கார் போய்விடுகிறது. நான் கார் டிசைனராகத்தான் ஆவேன் என்று அன்றைக்கே முடிவு செய்ததாகத் தாம்சன் முதுமையில் சொன்னார். அந்த ஏர்ஃப்ளோ காற்றைக் கிழிக்கத் தோதாக உருவம் கொடுத்த கார். சந்தையில் படுதோல்வி. சில வருடங்களில் நிறுத்தியே விட்டார்கள். உங்கள் கணக்குப்படி அதுவும் எதையும் சாதிக்காத கார்தான்.

அந்தப் பையன் படம் வரையக் கற்று, ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து, முப்பது வயதில் ஒரு மோட்டார் பத்திரிகையின் டிசைன் போட்டிக்கு எழுதிப் போட்டார். 1953-ல் பரிசு. அதில் கிடைத்த உதவித்தொகையில்தான் லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்ட் சென்டர் பள்ளியில் படித்தார். அந்தப் போட்டிக்கு அவர் வரைந்த காரிலேயே வலுவூட்டிய பிளாஸ்டிக் இருந்தது. வாரியரை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், சென்ற இதழில் இதை எழுத விட்டுவிட்டேன். 1970-களில் அவர் கறுப்பின கார் டிசைனர்களின் வேலைகளைத் திரட்டி ஒரு நடமாடும் கண்காட்சி அமைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் இளம் பிள்ளைகளுக்குக் காட்டினார். அங்கே பச்சை விளக்கு விழுந்து எதுவும் ஓடிவிடாது. பக்கத்தில் போய், வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம்.