லண்டனில் தங்கையின் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறோம். ஹவுசிங் பெனிபிட்டும் பெரிய வீடும் கிடைக்குமா?

கேட்டவரின் நிலைமை இது: கணவன் மனைவி, 11 வயது மகன், தனியார் வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு, ஏற்கெனவே யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசு கொடுக்கும் மாத உதவிப் பணம்) வருகிறது. தங்கைக்கு முடியாமல் போனதால் அவரின் 12 வயது மகளும் 7 வயது மகனும் இப்போது இவர்களோடு. நானும் லண்டனில் அண்ணாவின் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு மாமிதான், அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம், ஸ்கொட்லாந்தில் சில விஷயங்கள் வேறு.

வாடகை உதவி கிடைக்கும். பெரிய வீடு கிடைப்பது கஷ்டம், அது வேறு இடத்தில் வேறு விதியில் முடிவாகிறது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பிள்ளைகள் உங்களிடம் எப்படி வந்தார்கள்? தங்கையே கொண்டுவந்து விட்டாரா, இல்லை கவுன்சிலின் சோஷல் வேர்க்கர் போன் எடுத்து "இன்றிரவு பிள்ளைகளை வைத்திருக்க முடியுமா" என்று கேட்டாரா? இரண்டாவது என்றால் அது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி கவுன்சில் செய்த ஏற்பாடாக இருக்கலாம். அப்படியானால் உங்களை ஃபொஸ்டர் பராமரிப்பாளராக, அதாவது கவுன்சிலுக்காகப் பிள்ளையை வளர்ப்பவராக, மதிப்பிட்டு அதற்கான அலவன்ஸைக் கொடுப்பது அவர்கள் கடமை. சவுத்வார்க் கவுன்சில் வழக்கில் 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: தானே முன்னின்று பிள்ளையை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு இது குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று கவுன்சில் கைகழுவ முடியாது, அப்படித்தான் என்றால் பணம் வராது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து சோஷல் வேர்க்கர் கேட்டது இதுதான்: "நீங்கள் குடும்பம்தானே, நீங்களே பார்த்துக்கொள்வீங்கள்தானே?" பிள்ளைகள் இரண்டும் பக்கத்து அறையில் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் இருக்கும்போது இதற்கு எந்த மாமியும் பெரியம்மாவும் ஓம் என்றுதான் சொல்வோம். அந்த ஓம் ஃபைலில் "குடும்ப ஏற்பாடு" என்று ஏறிவிடும். ஆகவே யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், என்ன உதவி செய்வதாகச் சொன்னார்கள் என்று அன்றைக்கே சோஷல் வேர்க்கருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நாட்கள் போயிருந்தாலும் பரவாயில்லை, இப்போது எழுதுங்கள். பிற்பாடு வீட்டுப் பகுதி, பெனிபிட் பகுதி, பாடசாலை எல்லாருமே கேட்கப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

சரி, பணம். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்குப் பழைய ஹவுசிங் பெனிபிட் இப்போது பெரும்பாலும் இல்லை, யுனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே வாடகைப் பகுதி வருகிறது. ஓய்வூதிய வயதில் இருக்கும் அம்மம்மா, அம்மப்பா பேரப்பிள்ளைகளை எடுத்தால் அவர்கள் இன்னும் ஹவுசிங் பெனிபிட்தான் கேட்க வேண்டும். உங்கள் விஷயத்தில் பிள்ளைகள் வந்ததை யுனிவர்சல் கிரெடிட்டின் ஒன்லைன் ஜேர்னலில் உடனே பதியுங்கள். அந்த மாதக் கணக்குக்குள் பதிந்தால் அந்தக் கணக்கின் தொடக்கத்திலிருந்தே சேரும். இதற்குக் கோர்ட் ஓர்டர் தேவையில்லை, பிள்ளைகள் வழக்கமாக உங்களோடு வசிக்கிறார்கள், பொறுப்பு உங்களுடையது என்றால் போதும். சைல்ட் பெனிபிட்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் தங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் விண்ணப்பித்த பிறகும் மூன்று வாரம் அவருக்கே போகலாம்.

அறைக் கணக்கு இப்படி: தம்பதிக்கு ஒன்று, 16 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று, 16க்குக் கீழே ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று, 10 வயதுக்குக் கீழே ஆணும் பெண்ணுமானாலும் இருவருக்கு ஒன்று. உங்களுக்கு ஒன்று, பையன்கள் இருவருக்கும் ஒன்று, மகளுக்கு ஒன்று, ஆக மூன்று அறை வீதம், அதாவது மூன்று படுக்கையறை வீட்டுக்கென்று வைத்திருக்கும் வாடகை அளவு. பிள்ளைகள் ஃபொஸ்டர் கணக்கில் இருந்தால் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள், யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பகுதியும் வராது. பதிலுக்கு ஃபொஸ்டர் பெற்றோர் என்று ஒரு மேலதிக அறை தருவார்கள், அலவன்ஸை வருமானமாகக் கழிக்கவும் மாட்டார்கள்.

மூன்று அறை வீதம் என்றவுடன் கையில் காசு கூடும் என்று நினைக்காதீர்கள். அது ஓர் உச்சவரம்பு, நீங்கள் உண்மையில் கட்டும் வாடகைக்கு மேல் ஒரு பவுண்டும் வராது. இப்போதைய வீட்டு வாடகை இரண்டு அறை வீதத்தைத் தாண்டியிருந்தால் அந்தப் பள்ளம் நிரம்பும், அவ்வளவுதான். மூன்று அறை வீட்டுக்கு மாறினால்தான் முழுப் பயன். மாறுவதற்கு முன்னால் பெனிபிட் கேப்பை, அதாவது ஒரு வீட்டுக்கு வரும் மொத்த உதவிப் பணத்துக்கான வரம்பைப் பாருங்கள்: 2023 ஏப்ரலிலிருந்து லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ட். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உழைக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. பிள்ளைக்கு டிஎல்ஏ என்ற இயலாமைக் கொடுப்பனவு வந்தாலும், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்குக் கொடுக்கும் கார்டியன்ஸ் அலவன்ஸ் வந்தாலும் விலக்கு உண்டு. இதைப் பார்க்காமல் பெரிய வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் வாடகை நிலுவையில் படும் பாடு கொஞ்சமல்ல. பற்றாக்குறை வந்தால் கவுன்சிலில் அதற்கென்று ஒரு நிதி உண்டு, ஆனால் அது கொஞ்சக் காலத்துக்குத்தான்.

கவுன்சில் வீட்டுப் பட்டியலுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் நெரிசல் கணக்கில் ஹோலும் படுக்கும் அறைதான். மூன்று அறைக்கு ஐந்து பேர் வரை சரி, 10 வயதுக்குக் கீழே இருப்பவர் அரை ஆள். உங்கள் வீட்டில் நாலரைப் பேர், எனவே சட்டப்படி நெரிசல் இல்லை! ஆனால் மனம் தளராதீர்கள், அறைகளை டேப் வைத்து அளந்து பாருங்கள். 70 முதல் 90 சதுர அடி வரையான அறை ஓர் ஆளுக்குத்தான், 50க்குக் கீழே போனால் அது அறையே இல்லை. அளந்ததை எழுதி, மகள் ஹோலில் படுக்கிறார் என்றால் அந்த மெத்தையைப் படம் எடுத்து இணையுங்கள். அத்தோடு கவுன்சில்கள் பட்டியலில் இடம் கொடுக்கும்போது பொதுவாகத் தங்கள் சொந்த அறை விதியைப் பார்க்கின்றன, அதில் உங்களுக்கு ஓர் அறை குறைகிறது என்று வரும் வாய்ப்பு அதிகம்.

அங்கே வரும் தடை வேறு. "நீங்களாகவே ஆட்களைச் சேர்த்து நெரிசலை உண்டாக்கினீர்கள்" என்று முன்னுரிமையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த வீட்டைப் பார்த்து இப்படிக் கேட்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. ஆத்திரப்பட்டுப் பயனில்லை, சோஷல் வேர்க்கரிடம் கடிதம் வாங்குங்கள்: பிள்ளைகள் ஏன் திரும்பிப் போக முடியாது, இந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு, இடம் போதாததால் பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு.

வீட்டுத் தேவை காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன், ஸ்பெஷல் கார்டியன்ஷிப் ஓர்டர் (உங்களைப் பிள்ளையின் பாதுகாவலராக்கும் கோர்ட் உத்தரவு) எடுக்கச் சொல்லி கவுன்சில் அவசரப்படுத்தினால் உடனே தலையாட்டாதீர்கள். நல்ல ஓர்டர்தான், பிள்ளைக்கு 18 வரை நிலைத்திருக்கும், கிடைக்கும் அலவன்ஸையும் யுனிவர்சல் கிரெடிட்டில் கழிக்கமாட்டார்கள். ஆனால் வீட்டுத் தேவையை அதற்கான சப்போர்ட் பிளானில் எழுதவைத்த பிறகே கோர்ட்டுக்குப் போங்கள். ஓர்டர் கிடைத்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள், பிறகு அவர்களை அசைப்பது பெரும்பாடு. கின்ஷிப், ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற இரண்டு அமைப்புகளும் இதற்கு இலவசமாக ஆலோசனை தருகின்றன.

கடைசியாக, இதை வாசிக்கும் வேறு யாராவது விசாவில் பொதுநிதி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டும் கவுன்சில் வீட்டுப் பட்டியலும் விசாவையே பாதிக்கும், ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கதைக்காமல் கை வைக்காதீர்கள். சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கவுன்சில் செய்யும் உதவி பொதுநிதிக் கணக்கில் வராது, அதைத் தாராளமாகக் கேட்கலாம்.