கிதாரில் இருக்கும் பெயர் யாருடையது?

போன இதழில் லெஸ் பாலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள். இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் மகன் 'லெஸ் பால்' கிதார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அது கம்பெனி பெயர் என்கிறேன் நான். ஆள் பெயர் என்கிறான் அவன். யார் சொல்வது சரி?

மகன்தான் சரி. கிதார் செய்கிற கம்பெனி கிப்சன், லெஸ் பால் கிதார் வாசித்த ஆள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வாக்கிஷாவில் 1915-ல் பிறந்து, 2009 ஆகஸ்ட் 13 அன்று 94 வயதில் மறைந்தவர். எஞ்சினியரிங் பட்டமெல்லாம் கிடையாது, பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். புதுச்சேரியில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்தே குடும்பம் நடத்திய எனக்கு இந்தத் தகவலில் தனி சந்தோஷம் உண்டு. உங்கள் மகன் கண்ணில் மட்டும் இந்த வரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதில் ஒரு சாலையோரக் கடையில் பாடிக்கொண்டே கிதார் வாசிப்பார். பாட்டு கேட்கிறது, கிதார் கேட்கவில்லை என்று தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் குறை சொன்னார். பையன் கிராமபோன் ஊசியை கிதாருக்குள் செருகி, ஒயரை ரேடியோவில் கொடுத்துவிட்டான். சத்தம் வந்தது, கூடவே ஊளையும் வந்தது. திருவிழா மைக் செட்டில் 'கொய்ங்' என்று காதைக் கிழிக்குமே, அதேதான். வயிறு காலியாக இருக்கும் கிதார் ஸ்பீக்கர் சத்தத்தில் தானும் அதிரும், அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்கே போகும். கிதாருக்குள் துணியை அடைத்தும் பார்த்தார்.

கடைசியில் 1940 வாக்கில், நியூயார்க்கில் எபிஃபோன் கிதார் தொழிற்சாலைக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, நாலு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பியும், அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் பூட்டினார். ஊளை நின்றது. ஆனால் கட்டையோடு மேடை ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிதார் ஒன்றை இரண்டாக அறுத்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போனார். ஒலி மாறவில்லை, கைதட்டல் மட்டும் வந்தது! கிப்சன்காரர்கள் அதைத் துடைப்பக்கட்டை என்று சிரித்து அனுப்பிவிட்டு, ஃபெண்டர் கம்பெனி கட்டை கிதாரைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு அவரைத் தேடி வந்தார்கள். 1952-ல் அவர் பெயரிலேயே கிதார் வெளியானது. அதன் வடிவத்தில் அவர் பங்கு எவ்வளவு, கம்பெனி ஆட்களின் பங்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் அக்கறை இல்லை. கிதாரை விட டேப்பில் அவர் செய்ததுதான் பெரிது என்பது என் கட்சி.

முத்தியால்பேட்டை வாசகி: அப்படி டேப்பில் என்னதான் செய்தார்? அவர் இசைத்தட்டில் ஒரே பெண் குரல் பலராகப் பாடுவதுபோல் கேட்கிறதே?

குரல் அவர் மனைவி மேரி ஃபோர்டுடையது. டேப் உரசிப் போகும் காந்த முனைக்கு ஹெட் என்று பெயர். சாதாரண ஸ்பூல் டேப் ரிக்கார்டரில் டேப் முதலில் அழிக்கிற ஹெட்டைத் தாண்டும், அடுத்து பதிகிற ஹெட், கடைசியில் கேட்கிற ஹெட். 1949-ல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஆம்பெக்ஸ் கம்பெனியின் டேப் மெஷின் ஒன்றைக் கொடுத்தார். லெஸ் பால் அதில் அழிக்கிற ஹெட்டுக்கு முன்னால் இன்னொரு ஹெட்டை வைத்தார். பழைய ஒலி அழிவதற்கு ஒரு கணம் முன்பு இந்த ஹெட் அதைப் படித்துவிடும். அதோடு இப்போது பாடுவதும் கலந்து அதே டேப்பில் பதியும்.

நாகஸ்வரம், தவில், ஒத்து மூன்றையும் ஒரே ஆள் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஒத்து, அடுத்ததில் தவில், அப்புறம் நாகஸ்வரம். மூன்றாவது சுற்றில் சுருதி விலகினால் ஒத்தும் தவிலும் சேர்ந்தே போச்சு, பழையது அழிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய ஒலி கொஞ்சம் மங்கும் என்பதால் முக்கியமானதைக் கடைசியில்தான் பதிய வேண்டும். இந்த முறையில் அடுக்கடுக்காகப் பதிந்த 'ஹவ் ஹை தி மூன்' 1951-ல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பழையது அழிந்தால் அழியட்டும் என்று பதிகிற இந்தத் துணிச்சல் கைதேர்ந்த மெக்கானிக்குக் கிடைக்காது, வாசிக்கிறவனுக்குத்தான் வரும். அதே சமயம் வாசிப்பு மட்டும் தெரிந்தவன் மெஷின் மூடியைக் கழற்றவே பயப்படுவான்.

1957-ல் எட்டு டிராக் ஆம்பெக்ஸ் மெஷின் அவர் வீட்டுக்கு வந்தது. 'ஆக்டோபஸ்' என்று பெயர். ஒவ்வொரு குரலும் தனித்தனி வரியில் இருந்ததால் ஒன்று கெட்டால் அதை மட்டும் திரும்பப் பாடலாம். இன்று செல்போனிலேயே இதைச் செய்கிறார்கள்.

பாகூர் வாசகர்: தவில் வாசிக்கும் என் அப்பாவுக்கு வயது எழுபது. மூட்டு வீங்கி, தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு ஏறவில்லை. வாத்தியத்தைத் தொடவே கூச்சப்படுகிறார். லெஸ் பால் வயதான காலத்தில் என்ன செய்தார்?

1948-ல் கார் விபத்தில் அவர் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. இனி மடக்கி நீட்ட முடியாது என்றார்கள். அப்படியானால் கிதார் பிடிக்கிற வாகில் வளைத்தே வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு 61 வருடம் அந்தக் கையோடுதான் வாசித்தார். வயதான பின் மூட்டுவாதத்தில் விரல்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இருந்தாலும் 1984-லிருந்து, தொண்ணூறைத் தாண்டியும், திங்கட்கிழமைகளில் நியூயார்க் கிளப்பில் வாசித்தார். வேகமான இடங்களை விட்டுவிட்டார், இடையிடையே நகைச்சுவையாகப் பேசினார்.

முதலில் அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப்போய் மூட்டைக் காட்டுங்கள். கூடு ஏறாவிட்டால் போகட்டும், தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு வாயில்தானே இருக்கிறது? பேரப்பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.