கடலுக்கடியில் விலகிப் போகும் துணைவர்: படகிலேயே பேசிக்கொள்ள வேண்டியவை

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஓப்பன் வாட்டர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றேன். அண்மையில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் சென்றபோது, முன்பின் அறியாத ஒருவரை எனக்குத் துணைவராக, அதாவது ‘பட்டி’யாகச் சேர்த்தார்கள். கேமராவும் கையுமாக இருந்த அவர் படம் எடுத்தபடியே விலகிப் போய்விட்டார். பவளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் அவர் மாட்டியிருந்த ஃபின் (துடுப்பு) கிளப்பிய மணலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. என் சிலிண்டரில் காற்று முதலில் குறைந்ததால் சீக்கிரம் மேலே வர வேண்டியதாயிற்று என்று படகில் முகம் சுளித்தார். ஜனவரியில் மீண்டும் போகிறேன். இப்படிப்பட்டவரிடம் எதை, எப்படிச் சொல்வது? சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமா?

பதில்: நீங்கள் சொன்னவற்றில் முகம் சுளித்தது ஒன்றுதான் வெறும் பண்புக் குறை, மற்றவையெல்லாம் பாதுகாப்பு சார்ந்தவை, எனவே அவற்றைப் பற்றிப் பேசுவதில் மரியாதைக் குறைவுக்கே இடமில்லை. ஆனால் எப்போது பேசுகிறோம் என்பது முக்கியம். நீருக்குள் கைச்சைகைகளால் சொல்லக்கூடியவை மிகச் சில. திரும்பி வந்து படகில் சொன்னாலோ அது சண்டையில்தான் முடியும். சிலிண்டரைப் பூட்டி முடித்ததற்கும் நீரில் குதிப்பதற்கும் இடையில் கிடைக்கும் சில நிமிடங்களே அதற்கு ஏற்ற நேரம்.

அப்போது முதலில் பேச வேண்டியது இடைவெளியைப் பற்றி. இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் விலகக் கூடாது, ஒருவர் எப்போதும் மற்றவரின் வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ இருக்க வேண்டும், பின்னால் போகக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வருபவரைப் பார்க்க, மாஸ்க் அணிந்தவர் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தாலேயே பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. கேமரா வைத்திருப்பவரானால் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளலாம்: படம் எடுக்க நிற்கும் முன் உங்களுக்குச் சைகை காட்ட வேண்டும், எடுத்து முடித்ததும் முதல் பார்வை உங்கள் மேல் விழ வேண்டும். இதற்கு ஒப்பாதவருடன் புதியவர் இறங்காமல் இருப்பதே நல்லது. (இரண்டு புகைப்படக்காரர்களை ஜோடி சேர்த்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள், தனித்தனியாகத் தொலைந்துபோகும் இருவர் கிடைப்பதுதான் மிச்சம்.)

அவ்வளவும் பேசிய பிறகும் பிரிந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு நிமிடம் மட்டும் தேடுங்கள்: சுற்றிலும் ஒரு முழு வட்டம், பிறகு மேலேயும் கீழேயும், ஆளைவிடக் காற்றுக் குமிழிகள்தாம் முதலில் கண்ணில் படும். வழிகாட்டியும் குழுவும் தெரிந்தால் அவர்களிடம் போய்ச் சேர்ந்து நிலைமையைத் தெரிவியுங்கள். எவரும் தெரியாவிட்டால், நிமிடத்துக்கு 9 மீட்டர் அளவில் நிதானமாக மேலேறி, நீர்ப்பரப்பில் அவருக்காகக் காத்திருங்கள். இருவருக்கும் இந்த ஒழுங்கு தெரிந்திருந்தால்தான் இது பயன்படும்; ஒருவர் மேலே காத்திருக்க, மற்றவர் கீழே தேடிக்கொண்டே காற்றைத் தீர்ப்பது மிக மோசமான நிலை.

அடுத்தது காற்று. உங்களுக்கு முதலில் தீர்ந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. உடல் அளவு, பதற்றம், நீந்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். இருவரில் யாருக்கு முதலில் குறைகிறதோ அவருடைய அளவே இருவருக்குமான வரம்பு. மிச்சப்படுத்துவதற்காக மூச்சை அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்திலிருந்து பரப்புக்கு வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று இரு மடங்காக விரியும் என்பதால், அடக்கிய மூச்சோடு மேலேறுவது உயிருக்கே ஆபத்து.

“50 பார் வந்தால் சைகை காட்டு” என்று படகுகளில் சொல்லி அனுப்புவதுண்டு. (பார் என்பது அழுத்தத்தின் அலகு, சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதை அதில்தான் சொல்வார்கள்.) எனக்கு அந்த அளவில் உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 18 மீட்டர் ஆழத்தில் துணைவருக்குக் காற்று நின்றுபோய், உங்கள் ஆக்டோபஸில், அதாவது உதிரி மூச்சுக்கருவியில், அவர் சுவாசிக்கத் தொடங்குகிறார் என்று வையுங்கள். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் இருவருக்கும் 60 லிட்டர். அங்கே அழுத்தம் 2.8 பார் என்பதால் காற்று பரப்பில் செலவாவதைப் போல 2.8 மடங்கு செலவாகும், நிலைமையைச் சமாளிக்கும் ஒரு நிமிடத்துக்கே 168 லிட்டர் போய்விடும். இரண்டு நிமிடம் மேலேற ஏறக்குறைய 228 லிட்டர், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டர், ஆக மொத்தம் 666 லிட்டர். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் இது சுமார் 60 பார். ஆகவே 50 பார் என்பது படகருகே வந்து சேரும்போது மீதம் இருக்க வேண்டிய அளவு. மேலேறத் தொடங்குவதற்கான அளவு அல்ல. 100 பாரில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது, 80 பாரில் மேலேறத் தொடங்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், அதன் பிறகு முகம் சுளிக்க எவருக்கும் காரணம் இருக்காது.

மணல் கிளம்பியதற்கும் பவளத்தைப் பிடித்ததற்கும் உங்கள் துணைவரின் குணத்தைக் காட்டிலும் அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈயமே காரணமாக இருக்கக்கூடும். புதியவர்கள் எளிதாக மூழ்கட்டும் என்று ஒன்றிரண்டு கட்டிகள் கூடுதலாகக் கட்டி அனுப்பும் பழக்கம் உண்டு. அந்தக் கூடுதல் எடையைச் சமன்செய்ய, மிதப்பதற்காக அணியும் ஜாக்கெட்டில் காற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. மார்புப் பக்கம் மேலே தூக்கி, கால்கள் கீழே தொங்கிவிடுகின்றன. அந்த நிலையில் ஒவ்வோர் உதையும் தரையை நோக்கியே போவதால் மணல் எழும்பும். நிலைத்து நிற்க முடியாமல் கை எதையாவது பற்றும். உடம்பு நிமிர்ந்தபடி நீரைத் தள்ளிக்கொண்டு போவதால் காற்றும் விரைவில் தீரும். உங்களுக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பதால், அவருடைய பெல்ட்டோடு உங்களுடையதையும் சேர்த்துச் சோதித்துவிடுவது நல்லது. டைவ் முடியும் கட்டத்தில், சிலிண்டரில் ஏறக்குறைய 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் ஜாக்கெட்டை முழுக்கக் காலிசெய்து இயல்பாக மூச்சு விடுங்கள். கீழே இறங்கினால் ஈயம் அதிகம். அடுத்த முறை ஒரு கிலோவைக் குறையுங்கள். முடிவில் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம், தொடக்கத்தில் நிறைந்திருக்கும் காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல் வரும் என்பதுதான்.

எடை சரியாக இருந்தும் பவளத்தைப் பிடிப்பவரிடம் தயங்காமல் சொல்லலாம். பாறை அமைக்கும் பவள உயிர்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றுள்ளன. அவற்றை உடைப்பதும் எடுத்து வருவதும் குற்றம். சட்டத்துக்கு அசையாதவரிடம், பாறையோடு பாறையாகக் கிடக்கும் தேள்மீனின் நச்சு முட்களைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

இறங்கும் முன் ஒருவர் மற்றவரின் கருவிகளைப் பார்ப்பது சடங்காகிவிட்டது என்பதும் உண்மை. அதில் ஒன்றையாவது விடாமல் செய்யுங்கள்: காற்றுமானியைக் கண்ணால் பார்த்தபடியே ரெகுலேட்டரில், அதாவது வாயில் வைக்கும் மூச்சுக்கருவியில், நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் வால்வு சரியாகத் திறந்திருக்கிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் அது அரைகுறையாகத் திறந்து கிடக்கிறது, இறங்கிய முள் ஏறாமலே போனால் மூடிக் கிடக்கிறது. உதவுவதாக நினைத்துக் கடைசி நேரத்தில் எவரேனும் வால்வைத் தொட்டிருந்தால், குதிக்கும் முன் இதை மறுபடி செய்யுங்கள்.

சிறு தொல்லைகள் இன்னும் உண்டு. மீனைக் காட்டுவதற்கெல்லாம் சிலிண்டரைத் தட்டுகிறார்கள். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் செல்வதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது, குழுவே சுற்றிச் சுற்றிப் பார்க்கும். தட்டுவதை அவசரத்துக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். கேமரா கழுவும் தொட்டியில் எச்சில் துப்பிய மாஸ்க்கை அலசுபவருக்கு, அது கேமராவுக்கான தண்ணீர் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஜனவரியில் முன்பதிவு செய்யும்போதே, கேமரா இல்லாத, அனுபவமுள்ள ஒருவரைத் துணைவராகத் தரும்படி கேளுங்கள். டைவ் மையத்தினருக்கு இது புதிய கோரிக்கை அல்ல. முதல் நாளில் நீமோ ரீஃப் போன்ற ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்கள் உங்கள் சான்றிதழின் 18 மீட்டர் வரம்பைத் தாண்டுபவை என்பதால், “வாருங்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். நீருக்குள் எந்த நிமிடத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டி டைவை முடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. துணைவரும் உடன் ஏற வேண்டும் என்பதே ஒழுங்கு. இதையும் படகிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.