வாசகர் கேள்வி பதில்: வாக்காளர் பட்டியலோடு வாசல் வாசலாக

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்துதான். பூத் கமிட்டி, பட்டியல், ஆள் சேர்ப்பது என்று எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. எழுதியவர்கள் வேறு வேறு கட்சிக்காரர்கள். கட்சிப் பெயர்களை எடுத்துவிட்டேன், ஏனென்றால் தெருவில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

கேள்வி (புளியந்தோப்பு வாசகி, வயது 24): எங்கள் பாகத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றால் நாலு பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி வரவைப்பது?

பதில்: எண்பது பேர் உங்களுக்குத் தேவையே இல்லை. கணக்குப் பாருங்கள். ஒரு பாகத்தில், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலில், இப்போது அதிகபட்சம் 1,200 வாக்காளர்கள், வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று வைத்துக்கொண்டால் 400 வீடு. பத்து பேர் கிடைத்தால் ஆளுக்கு 40 வீடு, அதுவும் அவர்கள் குடியிருக்கும் சந்திலேயே. ஆகவே வருகிற நாலு பேரைப் பத்தாக்குவதுதான் உங்கள் வேலை.

'எல்லாரும் வாங்க' என்று குழுவில் போட்டால் யாரும் தன்னைக் கூப்பிட்டதாக நினைக்க மாட்டார்கள். ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "அண்ணே, உங்க சந்துல 18 முடிச்ச பிள்ளைங்க யார் யார்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், ஏனென்றால் வேலை எது, எங்கே, எப்போது முடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் வேலையைச் சின்னதாகக் கொடுங்கள். அது முடிந்ததும் அவர் கொண்டுவந்த பெயர்களை வைத்து என்ன செய்தீர்கள் என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான், ஆளை வேலை வாங்கிவிட்டு அதன் பலனை அவருக்குச் சொல்வதே கிடையாது, அடுத்த முறை அவர் ஏன் வருவார்?

ஞாயிற்றுக்கிழமை காலையும் வேண்டாம். கறி வாங்க வேண்டும், சர்ச்சுக்குப் போக வேண்டும், வாரம் முழுக்க லோடு இறக்கினவர் தூங்க வேண்டும். டெலிவரி ஓட்டும் பையன்கள் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை சும்மா இருப்பார்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் மதியத்துக்கு மேல் திரும்பியிருப்பார்கள். ஆளுக்கு ஏற்ற நேரம் கொடுங்கள். அப்புறம் ஒரு டீயும் பெட்ரோல் காசும் தொண்டர் கைப்பணத்தில் போகக் கூடாது, இதைப் பகுதிச் செயலாளரிடம் முதலிலேயே பேசி வாங்கி வையுங்கள். ஃபுட்பால் டீம், கேரம் கிளப், அம்பேத்கர் மன்றம் எல்லாம் உங்கள் ஏரியாவில் இருக்கும். அங்கே கொடியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மனுஷியாகப் போய்ப் பேசுங்கள். விருப்பமுள்ளவர்கள் தானாக வருவார்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): எங்கள் வாரியக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். குடும்பங்கள் வாடகைக்கு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. பட்டியலில் பலர் பெயர் இல்லை. கட்சிக்காரர்களாக நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: மேடை போட்டுப் பேசுவதைவிட நூறு மடங்கு முக்கியமான வேலை இது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்.ஐ.ஆர்.) பிறகு டிசம்பர் 19-ம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் போக, வீடு மாறினவர்கள் என்று நீக்கப்பட்டவர்களும் நிறைய. வடசென்னையில் வீடு மாறுவது விருப்பப்பட்டா நடக்கிறது? வாரியம் இடித்தால் போக வேண்டும், வாடகை ஏறினால் போக வேண்டும், தென்சென்னைப் பக்கம் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று அனுப்பினால் அங்கே போக வேண்டும். ஓட்டு மட்டும் பழைய கதவு எண்ணிலேயே நின்றுவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. பழைய குடியிருப்பின் பிளாக் வாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: குடும்பத்தில் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள், போன் நம்பர். இதை உங்களால் தனியாகச் செய்ய முடியாது, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா வீட்டுக் கல்யாணமும் சாவும் தெரிந்த ஒரு அம்மா இருப்பார், அவரிடம் உட்கார்ந்து எழுதுங்கள். பெயர் இன்னும் பழைய இடத்திலேயே இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8. பெயரே நீக்கப்பட்டிருந்தால் படிவம் 6-ல் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது, 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்டடமே தரைமட்டமாக இருக்கும்போது நேரில் வந்து பார்க்கும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) 'ஆள் இல்லை' என்றுதானே எழுதுவார். ஆகவே இப்போது தங்கியிருக்கும் இடத்தில் ஓட்டை மாற்றிக்கொள்வதா, பழைய இடத்திலேயே தொடரக் கேட்பதா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். முடிவு அவர்களுடையது, உங்கள் கட்சிக்கு எந்த வார்டில் ஓட்டுக் குறைகிறது என்பதை வைத்து அவர்களைத் தள்ளாதீர்கள். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லவே சொல்லாதீர்கள். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு, மாட்டிக்கொள்பவர் கையெழுத்துப் போட்ட அந்த அம்மாவாகத்தான் இருப்பார்.

கட்சியின் பாக முகவர், வழக்கமான காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் படிவம் வரை பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். மொத்தமாகக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். தினமும் பத்து என்று வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். படிவம் நிராகரிக்கப்பட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சென்னைக்கு அது மாநகராட்சி ஆணையர்.

இன்னொன்று, கேட்காமலேயே சொல்கிறேன். படிவம் 7-ஐ வைத்து எதிர்க்கட்சி ஓட்டு என்று நினைப்பவர்களின் பெயரை அடிக்கச் சொல்லி யாராவது உங்களிடம் கொடுத்தால் வாங்காதீர்கள். அதைவிடக் கேவலமான கட்சி வேலை கிடையாது.

கேள்வி (காசிமேடு வாசகர்): மீனவர் வீடுகளுக்கு எப்போது போனாலும் ஆண்கள் இருப்பதில்லை. எப்போது போனால் பேசலாம்?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகைச் சரிபார்த்துக்கொண்டும் இருப்பார்கள். உட்கார்ந்து பேச நல்ல நேரம் அதுதான். ஆனால் ஃபைபர் படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்கள் விடியலில் போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் விசைப்படகு கரைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் போங்கள். ஏலம் நடக்கும்போது துறைமுகத்தில் நோட்டீஸ் கொடுக்கப் போனால் திட்டுதான் கிடைக்கும், அது நியாயமும்கூட.

ஆனால் ஆண்களையே ஏன் தேடுகிறீர்கள்? கூடையோடு மீன் விற்கும் பெண்கள் தெருத் தெருவாகப் போகிறவர்கள், அவர்களுக்குத் தெரியாத வீடு கிடையாது, குடும்பக் கணக்கும் அவர்கள் கையில்தான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததா, யாருக்கு விட்டுப்போனது என்று கேட்டுக்கொண்டு போங்கள். விட்டுப்போனவர்களுக்கு மீன்வளத் துறையில் மனு எழுதிக் கொடுங்கள். ஓட்டுப் பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை): வீட்டுக்குப் போனால் "எவ்வளவு தருவீங்க" என்றுதான் கேட்கிறார்கள். பணம் இல்லாமல் இங்கே வேலை செய்ய முடியுமா?

பதில்: உங்கள் ஊருக்குத்தான் இந்தக் கேள்வியின் வலி நன்றாகத் தெரியும். 2017 ஏப்ரலில் உங்கள் ஆர்.கே. நகர் தொகுதி இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, அந்த டிசம்பர் 21-ம் தேதிதான் ஓட்டுப் பதிவு நடந்தது. தொகுதி மக்கள் எட்டு மாதத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் கூடுதலாக இருந்தார்கள், அவர்கள் பெயரும் ஊர் முழுக்கக் கெட்டது.

கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ஐந்து வருஷம் எட்டிப் பார்க்காதவர் கடைசி இரண்டு ராத்திரியில் கவரோடு வந்தால், இவரிடம் கிடைக்கப்போவது இவ்வளவுதான் என்று ஜனங்கள் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். கவரை நீங்கள் தொடாதீர்கள். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், பிடிபடும்போது கையில் பையோடு நிற்பது தலைவர் இல்லை, நீங்கள். உங்கள் கட்சியே கொடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், பட்டியல் வேலையை மட்டும் செய்கிறேன் என்று சொல்லுங்கள். முதியோர் ஓய்வூதிய மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, தண்ணி லாரி வராத சந்து, மழைக்கு அடைக்கும் கால்வாய் என்று வருஷம் முழுக்க ஓடினவர் வாசலில் வந்து நின்றால் பணத்தை வாங்கினவர்கள்கூட முகம் பார்த்துப் பேசுவார்கள். எல்லாரும் உங்களுக்குப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சேர்ந்த ஓட்டு அடுத்த தேர்தலுக்கும் நிற்கும்.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): பூத் சிலிப்பில் சின்னம் போடலாமா?

பதில்: கூடாது. வெள்ளைக் காகிதத்தில் வாக்காளர் பெயர், பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி, அவ்வளவுதான். உங்கள் மேசையும் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். சிலிப் மட்டும் இருந்தால் ஓட்டுப் போட முடியாது, அடையாள அட்டை எடுத்துவரச் சொல்லி முந்தின நாளே நினைவுபடுத்துங்கள்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகி): வீடு வீடாகப் போவது நாங்கள், கோலம் போடுவது நாங்கள், ஆரத்தி எடுப்பது நாங்கள். பூத் கமிட்டிப் பட்டியலில் எங்கள் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கிறது. கேட்டால் சண்டை வருகிறது.

பதில்: வரட்டும் அக்கா, கேளுங்கள். மாநகராட்சி வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார்? பூத் வேலை தெரிந்த பெண்ணா, வட்டச் செயலாளரின் மனைவி என்பதற்காக மட்டும் நிறுத்தப்பட்டவரா? வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து பகுதிச் செயலாளரைப் பாருங்கள். யார் எத்தனை வீட்டுக்குப் போனார்கள், எத்தனை படிவம் கொடுத்தார்கள் என்ற நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். தனியாகப் போனால் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள், பத்துப் பேரை அப்படி அனுப்ப முடியாது. ஆரத்தித் தட்டை அடுத்த முறை ஆண்கள் ஏந்தட்டும்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): சட்டமன்றத் தேர்தலில் முதல் முறையாக வாக்குச்சாவடி முகவராக உட்காரப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மாதிரி வாக்குப்பதிவு ஓட்டு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. ஏழு மணிக்கு ஓட்டு என்றால் ஐந்தரைக்கு நடக்கும், ஐந்து மணிக்கே போய்விடுங்கள். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஓட்டுகளை அழித்து, விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் இயந்திரம்) சீட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டார்களா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இறந்தவர், வெளியூர் போனவர் பட்டியலைத் தனியாகக் குறித்துக்கொண்டு போங்கள். அந்தப் பெயரில் யாராவது வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். சந்தேகம் உறுதியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள், வரிசையில் நிற்கும் ஏழைப் பெண்ணை வெறுமனே மிரட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். முடிந்ததும் படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும், எண்ணிக்கை அன்று உங்கள் ஆள் கையில் இருக்க வேண்டிய தாள் அது. பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சி முகவர் இருப்பார், உங்கள் தெருக்காரராகத்தான் இருப்பார். பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி (ராயபுரம், ஓய்வுபெற்ற தொழிலாளி): எங்கள் காலத்தில் படிப்பகம், மன்றம், டீக்கடையில் பேப்பர் வாசிப்பது என்று கட்சி வளர்ந்தது. இப்போது எல்லாம் செல்போன். அந்தக் காலம் திரும்புமா?

பதில்: ஐயா, நீங்கள் இருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை. 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இந்தப் பக்கம்தான். திரு.வி.க. போன்றவர்கள் தொழிலாளர்களிடம் வந்து பேசினார்கள். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்ததும் உங்கள் ராயபுரத்தில்தான். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அதிலிருந்து கற்க ஒன்று உண்டு. ஆட்கள் தினமும் வந்து உட்கார ஓர் இடம் இருந்தது, அங்கே படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டினார். செல்போனில் வரும் செய்தியை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. பூட்டிக் கிடக்கும் மன்றம் ஏதாவது ஒன்றைத் திறக்கச் செய்யுங்கள், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை நீங்களே உட்காருங்கள். மனு எழுதிக் கொடுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து படிக்கட்டும். உங்களை மாதிரி நேரமும் அனுபவமும் உள்ளவர்களைக் கட்சிகள் பொன்னாடையோடு நிறுத்திவிடுகின்றன, அது பெரிய வீண்.

கேள்வி (எண்ணூர் வாசகர்): தேர்தல் முடிந்ததும் எங்களை யாரும் தேடுவதில்லை. சேர்த்த ஆட்களைக் கலையாமல் எப்படி வைத்திருப்பது?

பதில்: 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஆற்றிலும் கடலிலும் கலந்தது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. அந்த இரவுகளில் வீட்டுக் கதவைத் தட்டி ஆட்களை எழுப்ப யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பூத் நோட்டு அதற்கும் உதவ வேண்டிய நோட்டு: எந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர், எந்த வீட்டில் கைக்குழந்தை. கட்சி கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை கூடுங்கள், ஒரு பிரச்சினையை மட்டும் எடுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் புகார் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள், தீரவில்லை என்றால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்தில் எழுந்து அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கவுன்சிலர் உங்கள் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள். அப்புறம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளை வைத்து வருஷத்தில் நாலு முறை 18 முடிந்தவர்கள் பெயர் சேர்க்கலாம், 17 முடிந்ததுமே விண்ணப்பித்தும் வைக்கலாம். ஆகவே உங்கள் ஆட்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை இருந்துகொண்டே இருக்கும். அடுத்த தேதிக்கு யார் எந்தத் தெரு என்று இந்த வாரமே பிரித்துவிடுங்கள்.