பெயர் சொல்லிக் கத்துவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மூன்று வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு செவன்ஸ் ரக்பி (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) சொல்லித்தருகிறேன். 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். ஆனால் மேட்ச் வைத்தால் பார்க்க ஆள் வருவதில்லை. வருகிற கொஞ்சம் பேரும் கைகட்டி நிற்கிறார்கள். 'இது நம்ம ஊர் ஆட்டம் இல்லையே சார்' என்கிறார்கள். இந்த முறை மைதானம் களைகட்ட வேண்டும் என்று சில ஏற்பாடுகள் யோசித்திருக்கிறேன். 200 மஞ்சள் டீ-ஷர்ட், முகத்தில் பெயிண்ட், டிஜே செட், வருகிறவர்களுக்குப் பிரியாணி டோக்கன், கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால் மாம்பழ வேஷத்தில் ஒரு ஆள், ஒரு சிறப்பு விருந்தினர். இன்னும் என்ன செய்யலாம்? விளையாட்டைப் பற்றியும் எழுதுகிறவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

வழக்கமாக நான் கடிதங்களை ஒரு மாதம் ஊறப்போட்டுத்தான் எடுப்பேன். உங்களுடையதை அன்றைக்கே எடுத்துவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம்.

டீ-ஷர்ட் கொடுங்கள், தப்பில்லை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவார்கள், துணி வீணாகாது. பெயிண்ட் நம் வெயிலுக்குப் பத்து நிமிஷம் முகத்தில் இருக்கும், அப்புறம் கழுத்துக்கு வந்துவிடும். மாம்பழ வேஷத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மனிதனை ஸ்பாஞ்சுக்குள் நிறுத்தி வேகவைத்து யாரை உற்சாகப்படுத்தப் போகிறீர்கள்?

பிரியாணிக்கு ஒரு கதை உண்டு. 'நம்ம ஊர் ஆட்டம் இல்லை' என்பவர்களுக்கும் அதையே சொல்லலாம். 1870களில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். ஓசியில் சாராயம் ஊற்றுவதை நிறுத்தியதும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள் என்பார்கள். 1878இல் கடையைக் கட்டும்போது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக வாங்கி, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகளாக மூன்று நாகம். 1879இலிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மல்லுக்கட்டுவது அந்தக் கோப்பைக்குத்தான். ஆட்டம் அவர்களுடையதாக இருக்கட்டும், கோப்பைக்குள் உருகிக்கிடப்பது நம் ஊர் ரூபாய். டோக்கனுக்கு வரும் கூட்டம் எதுவரைக்கும் நிற்கும் என்பதையும் அந்தக் கிளப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது திட்டப்போகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், அசல் நாலு பக்கம். டீ-ஷர்ட் திருப்பூரில் என்ன விலை என்று இருக்கிறது. டிஜே செட்டின் வாடகை இருக்கிறது. ஆடப்போகிற ஒரு பெண்ணின் பெயர் இல்லை. எவள் பந்து கிடைத்தால் பறப்பாள், எவள் தன்னைவிட இரண்டு மடங்கு கனமானவளைத் தயங்காமல் இடுப்பில் பிடித்துச் சாய்ப்பாள், எவள் வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் தினம் மைதானத்துக்கு வருகிறாள், ஒன்றும் இல்லை. 'பிள்ளைகள்', 'டீம்', 'நம்ம பொண்ணுங்க', அவ்வளவுதான். மூன்று வருடம் கூட இருந்த உங்கள் வாயிலேயே பெயர் வரவில்லை. கயிற்றோரம் நிற்கிறவன் யாரைக் கூப்பிட்டுக் கத்துவான்?

எருது விடும் விழாவுக்கு உங்கள் மாவட்டத்தில் யாராவது டோக்கன் கொடுத்து ஆள் சேர்க்கிறார்களா? ஒரு எருதுக்காக ஒரு ஊரே டெம்போ ஏறி வருகிறது. கொம்பில் தட்டி கட்டிய எருது தெருவுக்குள் நுழையும்போது 'மாடு வருது' என்று ஒருத்தரும் கத்துவதில்லை. 'மயிலை வர்றான், மயிலை வர்றான்' என்றுதான் சத்தம். அவனுக்கு யார் தவிடு வைக்கிறார்கள், போன வருடம் யாரை முட்டினான், எல்லாம் கூட்டத்துக்குத் தெரியும். மாட்டுக்கு இருக்கிற மரியாதையை நம் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

கடிதத்தை அன்றைக்கே எடுத்த காரணம் இதுதான். அது வந்ததற்கு முந்தின நாள் ராத்திரி காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கபடி மேட்ச் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காது இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கியிருந்தார்கள். ஒரு பாயிண்ட் எடுத்தால் சினிமாப் பாட்டில் நாலு வரி, அவுட் ஆனால் பேய்ச் சிரிப்பு. எப்போது கத்த வேண்டும் என்பதை பாக்ஸே பார்த்துக்கொண்டதால் ஜனங்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரை வாக்கில் ஜெனரேட்டர் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. வாங்கப் போன பையன் வருவதற்கு இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். நடுவர் நாலைந்து பைக்கைக் கோட்டோரம் நிறுத்தி ஹெட்லைட்டைப் போடச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அப்போதுதான் தம்பி, எனக்கு ஆட்டம் காதில் விழுந்தது. பாடப் போனவனின் மூச்சு. முழங்கால் மண்ணில் தேய்கிற சத்தம். நாலு பேர் அவன் மேல் விழும்போது நெல் மூட்டையை இறக்கியதுபோல ஒரு 'தொம்'. எனக்குப் பின்னால் அதுவரை தலையில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடீரென்று, 'அவன் எடது கால்லதான் வருவான், எடது காலைப் புடி' என்றார். பக்கத்தில் இருந்தவர், 'அது எப்படி உனக்குத் தெரியும்' என்றார். 'அவங்க அப்பனும் அப்படித்தான்.' ஐந்து நிமிஷத்தில் கயிறு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. பையன்களின் பெயர், அப்பன் பெயர், பட்டப்பெயர் எல்லாம் இருட்டில் பறந்தன. டீசல் வந்தது. பாக்ஸ் பாட ஆரம்பித்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பணம் கொடுத்து டிஜே எடுக்கப் போகிறேன் என்கிறீர்கள். உங்கள் கூட்டத்தின் வாயை அடைக்க நீங்களே வாடகை கட்டப்போகிறீர்கள்.

ஸ்பீக்கர் என்ற பொருள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அம்மா ஆட்டம் பார்க்க வந்ததே ஒரு ஸ்பீக்கரால்தான். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அண்ணன் சடுகுடு ஆடுவான். அம்மாவுக்குப் பிடிக்காது. 'கால் ஒடிஞ்சா யார்டா தக்காளி பறிக்கிறது' என்பாள். ஒரு மாட்டுப் பொங்கல் ராத்திரி. புளியமரத்தில் ஒற்றைக் குழாய் ஸ்பீக்கர், மைக் பிடித்தவர் சைக்கிள் கடைக்காரர். அண்ணன் பாடப் போகும்போது அவர் சொன்னார், 'இப்போ பாட வர்றது மேட்டு வீட்டுப் பெரியவன். விடியக்காலையில தக்காளிக் கூடை ஏத்திவிட்டுட்டு, மத்தியானம் தண்ணி கட்டிட்டு, நேரா இங்க வந்திருக்கான். எதிர்ல நிக்கிறவங்க பாத்து நில்லுங்கப்பா.'

அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துடுப்பு நின்றது. 'தண்ணி கட்டினது இவருக்கு எப்படிடா தெரியும்?' என்றாள். அடுத்த நிமிஷம் துடுப்போடு தெருவில் இருந்தாள். கூட்டத்தை அந்தத் துடுப்பாலேயே விலக்கிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றாள். ராகி மாவு முழங்கை வரை காய்ந்து வெடித்திருந்தது. மூன்று பேர் அண்ணனை அமுக்கியபோது, 'கையை நீட்டுடா, கோட்டைத் தொடுடா' என்று ஒரு கத்து கத்தினாள். சடுகுடு சட்டம் அவளுக்கு எப்போது தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அண்ணனுக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. தோற்றுப்போனோம். வீட்டுக்கு வந்தால் களி அடிப்பிடித்துக் கிடந்தது. கருகாத நடுப்பகுதியை உருட்டி அண்ணன் தட்டில் வைத்தாள், எங்களுக்குக் கருகின அடிக்களி. அடுத்த பொங்கலுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சாக்கு விரித்து இடம் பிடித்துவிட்டாள்.

அந்த சைக்கிள் கடைக்காரர் செய்ததைச் செய்ய உங்களுக்கு ஒரு மைக்கும் ஒரு ஆளும் போதும். சென்னையிலிருந்து கமெண்டரி ஆள் கூட்டிவராதீர்கள். உங்களிடம் ஆடிவிட்டு இப்போது காலேஜுக்குப் போகிற பெண் ஒருத்தி இருப்பாள், அவள் கையில் கொடுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எதில் கெட்டி என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒன்று, வீட்டு விஷயம் எதையும் சொல்வதற்கு முன் அந்தந்தப் பிள்ளையைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். என் அண்ணனை யாரும் கேட்கவில்லை. அது வேறு காலம்.

சட்டத்தையும் அவளே சொல்லட்டும். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளிடம்தான் தர வேண்டும் என்பது தெரியாமல் நம் ஆட்கள் 'முன்னாடி போடு, முன்னாடி போடு' என்று கத்திக் கடைசியில் சலித்துப்போய்க் கைகட்டுகிறார்கள். செவன்ஸில் ஒரு பாதி ஏழே நிமிஷம். வேர்க்கடலைப் பொட்டலம் காலியாவதற்குள் இடைவேளை வந்துவிடும். சட்டம் புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பிள்ளைகளையே மெதுவாக ஆடிக் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டு வேண்டும், ஆனால் அதைக் கூட்டம் பாட வேண்டும். 1905 டிசம்பர் 16, கார்டிஃப். நியூசிலாந்துக்காரர்கள் வழக்கம்போல ஹாக்கா என்ற தங்கள் ஆட்டத்தை ஆடிக் காலை உதைத்து மிரட்டி முடித்தார்கள். பதிலுக்கு வேல்ஸ் ஆட்டக்காரர் டெடி மார்கன் தங்கள் தேசப் பாட்டை எடுக்க, மைதானம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. அன்றைய ஆட்டத்தின் ஒரே ட்ரையையும், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பதையும், அவரே போட்டார். 3-0. அந்தப் பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம் அது. அங்கே என்ன பாக்ஸ் இருந்தது? 2019 உலகக் கோப்பைக்கு அதே வேல்ஸ் அணி ஜப்பானில் கிட்டாக்யூஷு நகரத்தில் தங்கியது. பயிற்சி பார்க்க வந்த சுமார் 15,000 பேர் அந்தப் பாட்டை வேல்ஸ் மொழியிலேயே பாடினார்கள். முன்கூட்டியே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சடுகுடுவில் ஆடுகிறவன் பாடுவான், ரக்பியில் பார்க்கிறவன் பாடுகிறான். உங்கள் பிள்ளைகளே நாலு வரி கட்டட்டும். மயானக் கொள்ளை நடக்கிற காவேரிப்பட்டணத்தில் ஒரு பம்பைக்காரர் கிடைக்காமலா போய்விடுவார்?

பம்பையும் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அயர்லாந்தில் லிமரிக் ஊரில் தோமண்ட் பார்க் என்று ஒரு மைதானம். கோலுக்கு உதைக்க ஒருவர் பந்தை வைத்தால், எதிரணி ஆளாகவே இருந்தாலும், மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். இருமல்கூடக் கேட்காது என்பார்கள். டிஜேக்காரரிடம் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

சிறப்பு விருந்தினரை மறந்தேபோனேன். வரட்டும், ஆனால் மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. பதினாலு நிமிஷ ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் பேசி, அதுவரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதை மட்டும் செய்தீர்கள் என்றால் நேரில் வந்து திட்டுவேன்.

நேரில் வருவதற்கும் வழியில்லாமல் செய்திருக்கிறீர்கள். நாலு பக்கத்தில் மேட்ச் என்றைக்கு, எந்த மைதானத்தில் என்று ஒரு வரி இல்லை. தேதியை எழுதுங்கள். கூடவே ஆடுகிற ஏழு பேர் பெயரும், வெளியே உட்காரப்போகிற பிள்ளைகள் பெயரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தர்மபுரியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். பிரியாணி டோக்கன் எப்படியும் அடித்திருப்பீர்கள், ஒன்று எனக்கு எடுத்துவையுங்கள்.